தோடு போட்ட காதுக்கு எந்த ஹெட்ஃபோன்?

சென்ற மாதம் ஒரு பதிலின் ஓரத்தில், "வேலை செய்யும்போது நான் மாட்டிக்கொள்வது ஓப்பன் பேக் ஹெட்ஃபோன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டீர்கள். அது என்ன முதுகு திறந்த ஹெட்ஃபோன், எதை வாங்கலாம், காது வலிக்காதா என்று ஏகப்பட்ட கடிதங்கள். சரி, இந்த மாதம் முழுக்க இதுதான். காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கத்தை அடைக்காமல் வெறும் வலை மட்டும் போட்டிருக்கும் ஹெட்ஃபோன்தான் ஓப்பன் பேக். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் நாடகங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் திரையின் கீழே ஓடும் வசன வரி எழுதுகிறவள். ஒரு நாளில் 6 மணி நேரமாவது தலையில் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். எனக்குக் கண்ணாடி உண்டு, கொண்டை உண்டு, காதில் தோடும் உண்டு. நான் சொல்வதெல்லாம் அந்தத் தலையை வைத்துத்தான்.

சென்ஹைசர் ஹெச்டி 600, பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, ஹைஃபைமேன் சுந்தரா. இந்த மூன்றில் எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் குழம்புகிறேன். இரவில் 3 மணி நேரம் கச்சேரிப் பதிவுகளும் எண்பதுகளின் திரைப்பாடல்களும் கேட்பேன். கண்ணாடி போடுகிறவன். எது சுகம், எது நல்ல சத்தம் என்று சொல்லுங்கள் அக்கா.
— செங்காங் வாசகர்

தம்பி, ஹெச்டி 600 என்னுடையது. மற்ற இரண்டையும் உங்களுக்காகவே இரவல் வாங்கினேன். சுந்தரா என் அண்ணன் மகனுடையது. 990 என்னோடு வேலை செய்யும் எடிட்டருடையது. இரண்டு தடவை போன் போட்டு "பத்திரம்" என்றார். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் பத்தாவது மாடியில் என் வீடு, ஏர்கான் இல்லை, விசிறி இரண்டாம் எண்ணில். ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இரவு, ஒரே பாடல்களை வைத்துக் கேட்டேன்.

முதலில் எடை. 990 ஏறத்தாழ 250 கிராம், 600 ஏறத்தாழ 260, சுந்தரா 372. இதைப் பார்த்துவிட்டு முதல் இரண்டும் லேசு, மூன்றாவது பாரம் என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். பாரம் உச்சந்தலையில் இறங்குகிறதா, பக்கவாட்டில் அழுத்துகிறதா என்பதுதான் விஷயம்.

ஹெச்டி 600 புதிதில் பக்கவாட்டில் நெரிக்கும். தலைக்கு எண்ணெய் தேய்க்க வந்த பாட்டி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுக் கதை பேச ஆரம்பித்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணாடிக் கால் நெற்றிப்பொட்டில் பதியும். நான் முதல் வாரம் அதைப் பெரிய மைலோ டின்னில் மாட்டி வைத்தேன். தலையைவிடக் கொஞ்சம் அகலமான டின்னாகப் பாருங்கள், இரண்டு இரவு போதும். தலைப்பட்டையிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் எஃகுத் தகட்டை முழுக்க இழுத்துவிட்டு, அந்தத் தகட்டை மட்டும் மெல்ல வெளிப்பக்கம் வளைப்பவர்களும் உண்டு. பிளாஸ்டிக்கில் கை வைத்தால் உடையும். எனக்கு டின்னே போதுமாக இருந்தது. அப்புறம் அது என் தலைக்குப் பழகிவிட்டது. இன்றைக்குப் போட்டிருக்கிறேனா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறித் தளர்த்திவிடாதீர்கள். காதுமெத்தை கன்னத்தில் சரியாக உட்காராவிட்டால் அடித்தளச் சத்தம், அதாவது கனத்த பேஸ், கசிந்துபோகும். கண்ணாடிக் கால் செய்யும் வேலையும் அதேதான்: மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சின்ன சந்து வைக்கும். மெல்லிய உலோகக் கால் என்றால் பெரிதாகத் தெரியாது, பட்டையான பிளாஸ்டிக் கால் என்றால் தெரியும்.

990-இன் சாம்பல் நிற வெல்வெட் மெத்தை இருக்கிறதே, காதுக்கு அதைவிட இதமாக இந்த மூன்றில் எதுவும் இல்லை. வட்டமாக, ஆழமாக, காது உள்ளே தாராளமாக உட்காரும். இடது கிண்ணத்தோடு சேர்ந்தே வரும் சுருள் கேபிள்தான் தொல்லை; எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் ஸ்பிரிங் போல் இழுக்கிறது. சரி, இவ்வளவு சுகமாக இருந்தும் முதல் இரவே ஒன்றரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டேன். காதுமடல் வலிக்கவில்லை, காதின் உள்ளே களைத்துவிட்டது. 990-இல் அடித்தளமும் உச்சமும் (கூரிய மேல்ஒலிகள்) தூக்கலாக இருக்கும். அதிலும் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு. 'ஸ்', 'ஷ்' எல்லாம் ஊசியாக வரும். ஒரு பாடகி "சந்திரசேகரா" என்று இழுத்தால் நமக்கு முதலில் கேட்பது ச-வும் ச-வும்தான், மீதி எழுத்துகள் பின்னால் வருகின்றன. எண்பதுகளின் பாடல்களில் சில பதிவுகள் ஏற்கெனவே கூர்மையானவை, அவற்றை இதில் கேட்பது என் வயதுக்குக் கஷ்டம். என் எடிட்டர் இதைத்தான் விரும்புகிறார், ஏனென்றால் பதிவில் இருக்கும் சின்னச் சொடுக்கும் கரகரப்பும் இதில் தப்பிக்க முடியாது. அவருக்கு அது வேலை.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் சுகத்தை ஒரு கணக்கு, சத்தத்தை ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டுத் தருகிறார்கள். 3 மணி நேரம் கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே கணக்கு. மெத்தை நெரித்தாலும் கழற்றி வைப்பீர்கள், உச்சம் குத்தினாலும் கழற்றி வைப்பீர்கள்.

சுந்தரா. பெயரைக் கேட்டால் நம்ம ஆள் என்று தோன்றுகிறது, செய்வது சீனத்து நிறுவனம். இது பிளேனர் வகை. ஹெட்ஃபோனுக்குள் சத்தம் எழுப்பும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். சாதாரண டிரைவரில் ஒரு கம்பிச் சுருள் சவ்வை ஆட்டும். இதில் சவ்வு முழுவதிலும் மெல்லிய மின்தடம் ஓடுகிறது, காந்தப் பட்டைகள் அதைப் பரவலாக ஆட்டுகின்றன. எடை எல்லாம் அந்தக் காந்தங்களால்தான். தலைப்பட்டைக்குக் கீழே தொட்டில்போல ஒரு வார் இருப்பதால் 372 கிராமும் ஒரே இடத்தில் குத்தாமல் பரவிவிடுகிறது. எனக்கு இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் கழுத்து நினைவூட்டியது. இன்னொன்று, கிண்ணங்கள் பக்கவாட்டில் திரும்பாது. தாடை ஒடுங்கிய என் முகத்தில் காதுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் சந்து. அண்ணன் மகனுக்கு நல்ல வட்ட முகம், அவனுக்குக் கச்சிதமாக உட்காருகிறது.

சத்தத்துக்கு வருவோம். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: பாட்டு தொடங்கும் முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் அந்த அரை நிமிடம். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவாளி நூல் இழுத்து வைத்திருப்பதால் ஒவ்வொரு மீட்டலும் உடைந்து பல சுரங்களாக விரியும். சுந்தராவில் நான்கு தந்தியும் தனித்தனியாக எழுந்து தனித்தனியாக அடங்குவது கேட்டது. 600-இல் அவை கொஞ்சம் ஒன்றோடொன்று குழைந்து ஒரு புகைபோல் வந்தன. ஆனால் பாடகர் வாயைத் திறந்ததும் நிலைமை மாறியது. குரல் 600-இல் இருப்பதுபோல் எதிலும் இல்லை. மூச்சு இழுப்பது, உதடு பிரிவது, கார்வையில் குரல் லேசாக நடுங்கிப் பிறகு நிலைப்பது எல்லாம் கையெட்டும் தூரத்தில். 1997-இல் வந்த ஹெட்ஃபோன், இன்றும் குரல் உட்காரும் நடுத்தளத்துக்கு இதைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

தனி ஆவர்த்தனத்தில் தராசு மறுபடி சாய்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை இரண்டிலும் அழகு. தொப்பிப் பக்கம் அடிக்கும் அந்த 'கும்' இருக்கிறதே, அது 600-இல் கேட்கிறது, சுந்தராவில் தரையிலிருந்து வருகிறது. 600 போன்ற திறந்த டிரைவர்களில் அடிமட்டம் கீழே போகப் போகச் சரிந்துவிடும். பிளேனர் வகையில் அது தட்டையாக வெகுதூரம் இறங்கும். எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பின்தொடர்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் (எனக்கு உண்டு, இரண்டாம் சரணத்தில்தான் அந்தக் கிட்டார்க்காரர்கள் விளையாடுவார்கள்) சுந்தராதான். மேடையின் அகலமும் சுந்தராவில் கூடுதல். 600-இல் எல்லாரும் ஒரு சின்ன அறையில் நெருக்கி உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

கண்ணாடி, 3 மணி நேரம், கச்சேரி. உங்களுக்கு 600. டின்னில் மாட்ட மறக்காதீர்கள். வட்ட முகமும் உறுதியான கழுத்தும் இருந்தால் மட்டும் சுந்தராவை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 990-ஐ எடிட்டருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் கணவர் இரவு 11 மணிக்கு மேல் ஓப்பன் பேக் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கிறார். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு ஈசல் பறப்பதுபோல் ஓயாமல் கேட்கிறது. "ஹெட்ஃபோனில் இருந்து வெளியே எப்படிக் கேட்கும்?" என்கிறார். யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்

நீங்கள்தான். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுங்கள்.

டிரைவரின் சவ்வு முன்னால் தள்ளும்போது காதுக்கு ஒரு சத்தம் போகிறது; அதே நேரம் பின்பக்கமும் அதே அளவு சத்தம் பிறக்கிறது. மூடிய ஹெட்ஃபோனில் அந்தப் பின்சத்தத்தைக் கிண்ணத்துக்குள் அடைத்துவிடுவார்கள். அது உள்ளே முட்டி மோதிக் கொஞ்சம் திரும்பவும் காதுக்கே வரும், ஒரு டப்பாவுக்குள் கேட்பதுபோன்ற உணர்வுக்கு அது ஒரு காரணம். ஓப்பன் பேக்கில் பின்னால் வெறும் வலைதான். பின்சத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது, அதாவது உங்களிடம். பாடல் காற்றோட்டமாக, தலைக்கு வெளியே ஒலிப்பதாகத் தோன்றுவதும் இதனால்தான். அவருக்கு அந்த இன்பம் கிடைக்க, அதன் விலையை நீங்கள் கட்டுகிறீர்கள்.

சோதனை வேண்டுமானால், வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஹெட்ஃபோனைத் தலையணைமேல் வைத்துவிட்டு அவரை உங்கள் இடத்தில் படுக்கச் சொல்லுங்கள். பக்கத்து அறைக்குப் பெரும்பாலும் கேட்காது, சுவர் பார்த்துக்கொள்ளும். ஆகவே கூடத்து சோபா அவருக்கு நல்ல இடம்.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். திறந்த வலை வழியாக வெளிச்சத்தமும் தடையில்லாமல் உள்ளே வரும். எம்ஆர்டி ரயில் தடத்தை ஒட்டிய வீடு, விசிறி, மழை என்றால் அதை மூடுவதற்காகக் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. சத்தம் ஏற ஏற அந்த மணிக்கணக்கு வேகமாகக் குறையும். ரயிலுக்குள்ளேயே ஓப்பன் பேக் மாட்டிக்கொண்டு உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் பாட்டு ஒழுங்காகக் கேட்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை.

காதில் ஏழு கல் தோடு போட்டிருக்கிறேன், கழற்றுவதில்லை. பேரன் வாங்கிக் கொடுத்த ஹெட்ஃபோனைப் போட்டால் பத்து நிமிடத்தில் காதுக்குப் பின்னால் குத்துகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா?
— தெம்பனீஸ் வாசகி

அம்மா, இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆடியோ விமர்சகர்கள் யாரும் திருகாணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதி நான் படித்ததில்லை.

குத்துவது தோட்டின் முகப்பு இல்லை, பின்னால் இருக்கும் திருகு. மெத்தை காதுமடலைத் தலையோடு சேர்த்து அழுத்தும்போது திருகு காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் போய் நிற்கிறது. கண்ணாடி முன் நின்று ஹெட்ஃபோனைப் போட்டுப் பாருங்கள். மெத்தை உங்கள் காதுமேல் உட்காருகிறதா, காதைச் சுற்றி உட்காருகிறதா? மேலே உட்காரும் வகை உங்களுக்கு ஆகவே ஆகாது. கிராடோ எஸ்ஆர்80 நல்ல ஓப்பன் பேக்தான், கிட்டார் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதன் பஞ்சு மெத்தை நேராகக் காதுமடலின் மேலேயே படியும், தோடு போட்டவளுக்குச் சித்திரவதை.

சுற்றி உட்காரும் வகையிலும் உள்வட்டம் பெரிதா என்று பார்க்க வேண்டும். தோட்டின் கீழ்முனை மெத்தையில் இடிக்காமல் ஒரு விரல் இடம் இருந்தால் போதும். ஹெச்டி 600-இன் மெத்தை நீள்வட்டம். காது வடிவத்துக்கு ஒத்தது, என் ஒற்றைக்கல் தோடு உள்ளே அடங்கிவிடும். ஏழு கல் எப்படி என்று பார்க்க என் சித்தியை உட்கார வைத்துப் பார்த்தேன். மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் போட்டால் அடங்கியது, நேராகப் போட்டால் கீழ்க்கல் மெத்தையில் தட்டி 'டிக்' 'டிக்' என்றது. ஜிமிக்கி என்றால் ஒரே வழி, கழற்றுவதுதான். தலையை ஆட்டும்போதெல்லாம் வலையில் மணி அடிக்கும்.

திருகைக் கடைசிச் சுற்றுவரை இறுக்காமல் அரைச்சுற்று விட்டால் இன்னும் குத்தும், தண்டு வெளியே நீளும். சரியாக இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் தேக்கா பக்கம் போகும்போது உங்கள் நகைக்கடையில் தட்டையான திருகு போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். என் தோட்டுக்கு அப்படித்தான் செய்துகொண்டேன். ஹெட்ஃபோன் மாற்றுவதைவிட மலிவு.

ஹெச்டி 600 என்பது 300 ஓம் ஹெட்ஃபோன், ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாங்கினால் வீண் என்கிறார்கள். போனில் ஓட்ட முடியாதா?
— ஜூரோங் வாசகர்

முடியும், ஒரு எல்லை வரை. ஓம் என்பது மின்தடையின் அளவு. 300 ஓம் என்றால் போதிய சத்தத்துக்கு வோல்டேஜ் கூடுதலாக வேண்டும். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் என்பது அதன் கணக்கு. போனையும் ஹெட்ஃபோனையும் இணைக்க ஆப்பிளின் சிறிய வால் ஒன்று இருக்கிறதே, யுஎஸ்பி-சி முனையில் செருகுவது, இங்கே கிடைக்கும் வகை ஏறத்தாழ 1 வோல்ட் தரும். இரவில் அமைதியான அறையில் திரைப்பாடல் கேட்க அது தாராளம். மெல்லிய சத்தத்தில் பதிந்த பழைய கச்சேரி என்றால் கடைசிக் கட்டம் வரை ஏற்றியும் போதாமல் போகலாம். நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை விட்டதை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். இன்று அதே பெயரில் வரும் சின்ன யுஎஸ்பி பெட்டிகளில் ஹெட்ஃபோன் ஆம்ப் சேர்ந்தே வருகிறது. அப்படி ஒன்று போதும்.

ஓம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "25 ஓம்தான், போனிலேயே ஓடும்" என்று ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ வாங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 91 டெசிபல். ஓம் குறைவு, ஆனால் ஆள் மந்தம், நிறைய மின்சாரம் கேட்பார். பெட்டியில் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்.

2000 வெள்ளிக்கு மேல் கொடுத்து சென்ஹைசர் ஹெச்டி 800 எஸ் வைத்திருக்கிறேன். "விலை கூடக் கூட வித்தியாசம் குறையும்" என்று நீங்கள் பொத்தாம்பொதுவாக எழுதியது எனக்கு வருத்தம். போட்டுப் பார்த்துத்தான் எழுதினீர்களா?
— தோ பாயோ வாசகர்

ஐயா, போட்டுப் பார்த்தேன், ஒரு மாலை முழுவதும். சுகத்தில் நான் தலையில் வைத்ததிலேயே முதலிடம் அதற்குத்தான். ஒத்துக்கொள்கிறேன். 330 கிராம் இருந்தும் பறவைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல அவ்வளவு பெரிய கிண்ணம். என் காது எதையும் தொடவில்லை, தோடும் சேர்த்து. வயலின் ஒரு பக்கம், கடம் ஒரு பக்கம், நடுவில் பாடகர், அவர்களுக்கு நடுவே காலி இடம் என்று மேடையை அளந்து காட்டிவிடும்.

ஆனால் நான் கேட்பதில் பாதிக்கு மேல் நாடாவிலிருந்து மாற்றிய பழைய பதிவுகள். அதில் நாடாவின் 'உஸ்' சத்தத்துக்கும் நல்ல அகலமான மேடை போட்டுக் கொடுத்துவிட்டது 800 எஸ். உங்கள் பதிவுகள் சுத்தமானவையாக இருந்தால் உங்கள் 2000 வெள்ளி வீண் இல்லை. என் வாக்கியத்தில் "என் பாடல்களுக்கு" என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இங்கிருக்கும் புழுக்கத்தில் மெத்தை எல்லாம் கறுப்புச் செதில் செதிலாக உரிகிறது. என்ன செய்வது?
— அங் மோ கியோ வாசகி

உரிவது செயற்கைத்தோல். வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து மேல்பூச்சைப் பிரித்துவிடும், காதோரம் மிளகுத்தூள் தூவினாற்போல் ஒட்டும். வெல்வெட் அப்படி உரியாது, அழுக்கு மட்டும் பிடிக்கும். 600-இன் மெத்தையைக் கழற்றி, சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, நிழலில் காய வைத்துப் பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன். முழுக்கக் காயாமல் மாட்டாதீர்கள். கேமரா வைக்கும் ஈரமில்லாப் பெட்டி வீட்டில் இருந்தால் ஹெட்ஃபோனுக்கும் ஒரு தட்டு கேட்டு வாங்குங்கள்.

மாற்று மெத்தை வாங்குவதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில், "எல்லாம் ஒன்றுதான் மேடம், இது இன்னும் மெத்தென்று இருக்கும்" என்று தடித்த தோல் மெத்தை ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். போட்டதும் சொர்க்கம். பாட்டைப் போட்டதும் பாடகருக்கு ஜலதோஷம். மெத்தையின் தடிமன் கூடினால் காதுக்கும் டிரைவருக்கும் இடைவெளி கூடும், துணி தோலாக மாறினால் சத்தம் உறிஞ்சப்படும் விதம் மாறும். அந்த வாரம் வசன வரியில் "வா" எது "பா" எது என்று நான்கு இடத்தில் தடுமாறி, இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அந்த மெத்தை இப்போது பூனைக்கு. அசல் மெத்தையே வாங்குங்கள், பழையது அமுங்கித் தட்டையானதும் மாற்றிவிடுங்கள். அமுங்கிய மெத்தையிலும் சத்தம் மாறும், மெதுவாக மாறுவதால் நமக்குத் தெரிவதில்லை.

எங்கே போட்டுப் பார்க்கலாம்?
— பலர்

சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி கட்டடமும் சிம் லிம் ஸ்குவேரும் நெடுங்காலமாக இதற்குப் பேர்போனவை. ஆண்டுதோறும் நடக்கும் கேன்ஜாம் கண்காட்சி 2016 முதல் சிங்கப்பூருக்கும் வருகிறது. அங்கே ஒரே நாளில் இருபது வகையைத் தலையில் வைக்கலாம், ஆனால் கூட்டச் சத்தத்தில் ஓப்பன் பேக்கின் சத்தத்தை எடைபோடாதீர்கள், எப்படி உட்காருகிறது என்று மட்டும் பாருங்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடி, வழக்கமான தோடு, வழக்கமான கொண்டையோடு போங்கள். குறைந்தது 20 நிமிடம் கழற்றாதீர்கள். கடைக்காரர் முறைத்தால் வேறு ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டு நேரத்தை ஓட்டுங்கள்.

மகன் கணினி விளையாட்டுக்கு ஓப்பன் பேக் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
— பொங்கோல் தந்தை

கொடுங்கள். காலடிச் சத்தம் எந்தத் திசையில் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், சாப்பிட வா என்று நீங்கள் கூப்பிடுவதும் கேட்கும். இரண்டாவதை அவனிடம் சொல்லாதீர்கள்.

அப்பாவுக்கு 74 வயது. இரவில் ஒலி 96.8 வானொலி கேட்பார். மூடிய ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தேன், "கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்று கழற்றிப் போட்டுவிட்டார். ஓப்பன் பேக் சரிவருமா?
— பிடோக் வாசகி

சரிவரும் என்றுதான் நினைக்கிறேன். அப்பா சொன்ன கிணறு உண்மையானது. காதை அடைத்துக்கொண்டால் நாம் பேசுவதும் மெல்லுவதும் விழுங்குவதும் எலும்பு வழியாக உள்ளேயே பெருத்துக் கேட்கும். விரலால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், தெரியும். ஓப்பன் பேக்கில் காது அப்படி அடைபடுவதில்லை, தன் குரல் தன் குரலாகவே கேட்கும்.

சென்ஹைசர் 1968-இல் முதல் ஓப்பன் பேக்கான ஹெச்டி 414-ஐ வெளியிட்டபோது, மஞ்சள் பஞ்சு வைத்த லேசான சின்னப் பொருளாகத்தான் அது வந்தது. காதை அடைக்கும் கனத்த ஹெட்ஃபோன்களைப் பார்த்துப் பழகிய மக்கள் அதை ஆசையாக வாங்கினார்கள். அப்பாவுக்கும் அந்த வழிதான் ஏற்றது. சுந்தரா, 800 எஸ் எல்லாம் வேண்டாம். இன்று கிடைப்பதில் சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் ஏறத்தாழ 240 கிராம், 120 ஓம், பேச்சு தெளிவாக இருக்கும். இல்லையென்றால் ஆடியோ-டெக்னிகாவின் ஏடி வரிசையைப் பாருங்கள். அதில் பல மாடல்களில் தலைப்பட்டைக்குப் பதில் இறக்கைபோல் இரண்டு பட்டைகள் தலையில் சாய்ந்து நிற்கும், நெரிப்பே இருக்காது. தலை சிறியவர்களுக்குக் கொஞ்சம் வழுக்கும். அப்பா தலையை ஆட்டி ரசிக்கிறவராக இருந்தால் 560எஸ்.

வானொலிப் பெட்டியின் துளை சிறியதா என்று பார்த்து, 6.3 மில்லிமீட்டரிலிருந்து 3.5-க்கு மாற்றும் முனை பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 3 மீட்டர் கேபிள் வரும், நாற்காலிக் காலில் சுற்றாமல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். கூடவே சொல்லிவிடுங்கள், இனிமேல் வாசல் மணி அடித்தால் "கேட்கலை" என்று அவர் சொல்ல முடியாது.